வாடகைச் சுவரில் ஒரு படம்

வாடகை வீட்டில் படம் மாட்டுவது பற்றி யார் பேச்செடுத்தாலும் "எதில் மாட்டினால் விழாது?" என்றுதான் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, வீட்டைக் காலி செய்யும் நாளில் வரும். சாமான்கள் எல்லாம் இறங்கிய பிறகு, ஜன்னல் வெளிச்சம் வெறும் சுவரில் பக்கவாட்டாக விழும்போது, ஹவுஸ் ஓனர் ஒவ்வொரு அறையாக மெதுவாக நடப்பார். சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு மேலேயும் அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த வடுவெல்லாம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். கொடுத்த முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது அந்த நடையில்தான் முடிவாகிறது.

அதனால் எந்த மாட்டும் முறையையும் நான் பின்னாலிருந்துதான் பார்ப்பேன். பெட்டியின் முகப்பில் 'சுவருக்குச் சேதமில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் 'கழற்றுவது எப்படி' என்ற இடத்தைத் தேடிப் படிப்பேன். அப்படி ஒரு இடமே இல்லையென்றால் அந்தப் பொருள் ஒட்டுவதற்காக மட்டும் செய்யப்பட்டது. எடுப்பதைப் பற்றிச் செய்தவர் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம்.

அருங்காட்சியகங்களில் ஓவியங்களைப் பராமரிப்பவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். காகித ஓவியம் ஒன்றை அட்டையில் நிறுத்த அவர்கள் செல்லோடேப்பைத் தொடமாட்டார்கள். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைச் சிறு கீற்றாகக் கிழித்து, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசை தடவி, ஓவியத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுவார்கள். பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் லேசாக ஈரம் காட்டினால் அது விட்டு வந்துவிட வேண்டும், ஓவியத்தில் அடையாளம் இருக்கக்கூடாது. செய்வது எதுவாக இருந்தாலும் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. அவர்கள் படத்துக்காகப் பார்க்கிறார்கள், வாடகைக்கு இருப்பவர் சுவருக்காகப் பார்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சுவருக்கு வருவோம். நாம் 'சுவர்' என்று சொல்லுவது ஒரே பொருள் இல்லை. உள்ளே செங்கல்லோ கான்கிரீட்டோ ஜிப்சம் பலகையோ இருக்கும். செங்கல், கான்கிரீட் என்றால் அதன்மேல் சிமென்ட் பூச்சு. பூச்சின்மேல், சுவரை வழுவழுப்பாக்கும் பட்டி. பட்டியின்மேல் பிரைமர், அதற்கும் மேல் பெயிண்ட். பழைய வீடாக இருந்தால் இதில் பெயிண்ட் மட்டுமே ஐந்தாறு தலைமுறை இருக்கும். கீழே சுண்ணாம்பு, அதன்மேல் டிஸ்டம்பர், அதன்மேல் எமல்ஷன் என்று ஒவ்வொரு குடித்தனத்தின் ரசனையும் படிந்திருக்கும். நாம் ஒட்டும் பசை இதில் எதைப் பிடிக்கிறது? கடைசியாக அடித்த பெயிண்டின் மேல்தோலை மட்டும். கூந்தலை விட மெல்லிய அந்தத் தோல்தான் படத்தின் முழு எடையையும் சுமக்கப்போகிறது.

பசை எவ்வளவு பலமானது என்று விளம்பரங்கள் பேசுகின்றன. ஆனால் பெரும்பாலும் விட்டுப்போவது பசைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் இல்லை. பெயிண்டுக்கும் பட்டிக்கும் நடுவில், அல்லது பட்டிக்கும் பூச்சுக்கும் நடுவில். படம் விழுந்து கிடக்கும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பசைக் கீற்றின்மேல் பெயிண்ட் ஒரு பொருக்காக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, சுவர்தான் கைவிட்டது. இன்னும் பலமான பசையை வாங்கினால் அடுத்த முறை இன்னும் பெரிய பொருக்கு வரும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் சுவரைச் சோதித்துவிடுவது நல்லது. கறுப்புத் துணி ஒன்றை எடுத்துச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவு மாதிரி வெள்ளையாக ஏறினால் அது சுண்ணாம்போ மட்டமான டிஸ்டம்பரோ, அல்லது வெயிலில் காய்ந்து உயிர்விட்ட பெயிண்டோ. அதில் எந்தப் பசையும் நிற்காது, ஏனென்றால் பசை பிடிப்பது தூசியைத்தான். அடுத்து, கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் சாதாரண மாஸ்கிங் டேப்பைக் கையகலம் ஒட்டி, ஒரு நாள் விட்டு மெதுவாக உரித்துப் பாருங்கள். அந்தப் பலவீனமான டேப்புக்கே பெயிண்ட் கூட வருகிறது என்றால் அந்த வீட்டில் ஒட்டும் வேலையே வேண்டாம். மூன்றாவது, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். வெளிச்சுவர்களிலும் குளியலறையை ஒட்டிய சுவர்களிலும் ஓதம் இருந்தால் சில்லென்று தெரியும். சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அங்கே ஆணி, பசை இரண்டுமே தோற்கும். படத்துக்கும் அது நல்ல இடமில்லை. காகிதம் அலையலையாக நெளிந்து பூஞ்சை பிடிக்கும்.

குடி வருவதற்காகப் புதிதாக வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து அன்றைக்கே ஒட்டுவதும் ஆபத்து. தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் வேறு வேறு. ஒட்டும் கீற்றுகளைச் செய்பவர்களே பெயிண்ட் அடித்த பிறகு குறைந்தது 7 நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் கூடப் பொறுக்கச் சொல்வேன். பளபளப்பும் இல்லாமல் முழு மங்கலாகவும் இல்லாமல், லேசாக வெளிச்சம் வாங்கும் எமல்ஷன்தான் ஒட்டுவதற்கு ஏற்ற சுவர். சொரசொரப்பான அலங்காரப் பூச்சு, வெறும் செங்கல், வால்பேப்பர் மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

பெயிண்டை உரிக்காமல் வரும் டேப் என்ற எண்ணமே உரிந்த பெயிண்டிலிருந்து பிறந்ததுதான். 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வண்ணம் பூசுவது மோஸ்தராக இருந்தது. ஒரு வண்ணத்தை மறைத்துவிட்டு அடுத்ததை அடிக்க, காகிதத்தை அழுத்தமான பசையால் ஒட்டுவார்கள். எடுக்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும், வேலை முழுக்க வீண். 3எம் நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் ட்ரூ அதைப் பார்த்துவிட்டு, பிடிக்கவும் வேண்டும் விடவும் வேண்டும் என்று முயன்று 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். அதே நிறுவனம் 1996இல் 'கமாண்ட்' என்ற பெயரில் இழுத்தால் விடும் கீற்றுகளை விற்கத் தொடங்கியது. இப்போது பல நிறுவனங்கள் அதே வகையைச் செய்கின்றன.

இந்தக் கீற்று வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சேதம் தானாகவே குறையும். எந்தப் பசையையும் மூன்று விதமாகத் தொந்தரவு செய்யலாம். சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி இழுத்தால் பசையின் முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்கும். அதில்தான் அதற்குப் பலம் அதிகம். சுவரிலிருந்து நேராக வெளியே பிடுங்கினால் கொஞ்சம் குறைவு. ஒரு ஓரத்தைத் தூக்கி உரித்தால் மிகக் குறைவு, ஏனென்றால் அப்போது முழு விசையும் ஒரு நூலளவு கோட்டில் மட்டும் விழுகிறது. தபால்தலையின் மூலையை நகத்தால் நெம்புகிற வேலைதான் அது. படத்தின் மேல் ஓரம் சுவரை விட்டுச் சற்றே சாய்ந்தாலும் மாதக் கணக்கில் இந்த உரிப்புதான் நடந்துகொண்டிருக்கும். தடித்த சட்டத்தில் இது இன்னும் மோசம். எடை சுவரை விட்டுத் தள்ளி இருப்பதால் கீழ் ஓரம் சுவரை அழுத்தும், மேல் ஓரம் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் கீற்றுகளை எப்போதும் சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டியே வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பயனில்லை.

எடுக்கும்போது நடப்பது வேறு. கீழே தொங்கும் நாக்கைப் பிடித்து, சுவரை ஒட்டியபடியே, நேர் கீழே, மிக மெதுவாக இழுக்க வேண்டும். கீற்று ரப்பர் போல நீண்டு மெலியும். மெலிய மெலியப் பசை சுவரைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே வரும். ஒரு அடி நீளம் வரைகூட அது நீளும், பதற்றப்படக் கூடாது. நம்மை நோக்கி இழுத்தோமானால் அது வெறும் உரிப்பாகிவிடும், பெயிண்டும் கையோடு வரும். இந்தக் கீற்றுகளைத் திட்டுகிற பலர் இழுத்த திசையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாக்கு அறுந்துபோனால் கத்தியை எடுக்கவேண்டாம். ஹேர் டிரையரின் மிதமான சூட்டை அரை நிமிடம் காட்டிவிட்டு, பல் இடுக்கில் விடும் நூலை மேலிருந்து விட்டு ரம்பம்போல இடவலமாக இழுத்தால் வந்துவிடும்.

ஒட்டும்போது ஈரத்துணியால் துடைப்பதும், வீட்டில் இருக்கும் வாசனை கிளீனரால் துடைப்பதும் உதவாது. கிளீனர் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். முதலில் மூலையில் சோதியுங்கள், டிஸ்டம்பர் என்றால் நிறமே கரைந்து துணியில் ஏறிவிடும். பிறகு 30 வினாடி அழுத்தம். சட்டத்தில் ஒன்று, சுவரில் ஒன்று என்று ஒட்டி இரண்டும் கோத்துக்கொள்ளும் ஜோடிக் கீற்றாக இருந்தால் சட்டத்தைப் பதித்துவிட்டுக் கழற்றி, சுவரில் நிற்கும் பாதியைத் தனியே இன்னொரு முறை அழுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படத்தை மாட்ட வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை யாரும் கொடுப்பதில்லை. பசை ஒருவகைத் தடித்த திரவம்தான். சுவரின் நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து இறங்க அதற்கு நேரம் வேண்டும். அதே குணத்தால்தான் அடுப்புக்கு மேலேயும் வெயில் அடிக்கும் சுவரிலும் அது இளகி இறங்குகிறது. 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இந்தக் கீற்றுகளுக்குச் சொல்லப்பட்ட எல்லை. மேற்குச் சுவர் கோடையில் எவ்வளவு கொதிக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் இருபக்க டேப்பைப் பற்றி ஒரே வரி: வாடகை வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். ஒட்டும் களிமண் போன்ற நீலநிறப் பொருளுக்கு இன்னும் ஒரு வரி கூடக் கொடுக்கலாம். லேசான போஸ்டருக்கு அது போதும், ஆனால் அதிலிருக்கும் எண்ணெய் பளபளப்பில்லாத பெயிண்டுக்குள் மெல்ல ஊறி, வட்ட வட்டமாகக் கறை விடும். அந்தக் கறையின்மேல் பெயிண்ட் அடித்தாலும் மேலே வரும்.

இனி எடை. 'என் படம் லேசானது' என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை, கணக்குப் போட்டுவிடலாம். காகித அளவுகளே இதற்குத் தோதாக இருக்கின்றன. ஏ0 தாளின் பரப்பு 1 சதுர மீட்டர். ஏ1 அதில் பாதி, ஏ2 கால், ஏ3 அரைக்கால். கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம். ஆகவே 2 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. ஏ2 படத்துக்கு மட்டும் 1.25 கிலோ. பின்பக்கம், மரநாரை அழுத்திச் செய்த 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை இருந்தால் இன்னும் அரை கிலோவுக்கு மேல். இரண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் மரச்சட்டம் என்றால் ஏறத்தாழ 700 கிராம். மொத்தம் இரண்டரைக் கிலோ. படம் என்ற அந்தத் தாள் இதில் ஐம்பது கிராம்கூட இருக்காது!

இப்போது கண்ணாடியை எடுத்துவிட்டு அதே தடிமனில் அக்ரிலிக் தகடு போடுங்கள். அதன் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு; 600 கிராமில் முடிந்துவிடும். எம்டிஎஃப்புக்குப் பதில் ஃபோம் போர்டு போட்டால் அங்கேயும் நானூறு கிராம் மிச்சம். இரண்டரைக் கிலோ படம் ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கிவிட்டது. பெரிய அளவு ஜோடிக் கீற்றுகள் நான்கு சேர்ந்தால் சுமார் 7 கிலோ தாங்கும் என்கிறார்கள். அது அவர்கள் சோதித்த சுவர். அவர்கள் சொன்ன எடையில் பாதியைத்தான் நான் நம் சுவருக்குக் கணக்கு வைப்பேன். பலமான பிடிமானத்தைத் தேடி அலைவதற்கு முன்னால் படத்தை இளைக்க வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. விழுந்தால் சுக்குநூறாக உடையாது என்பது கூடுதல் லாபம். அக்ரிலிக்கில் இரண்டு குறைகள் உண்டு: சீக்கிரம் கீறல் விழும், துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். கரித்துண்டாலோ பேஸ்டலாலோ வரைந்த படமென்றால் அந்த மின்சாரம் பொடியைத் தாளிலிருந்து இழுத்து எடுத்துவிடும். அந்த வகைப் படங்களுக்குக் கண்ணாடிதான். அதன் எடைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வேறு வழி, பல சமயம், ஆணி. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஆணி நேர்மையானது. மெல்லிய ஸ்டீல் ஆணி இரண்டு மில்லிமீட்டர் ஓட்டைதான் போடும். காலி செய்யும்போது அந்த ஓட்டையில் விரல் நுனியால் பட்டி அடைத்து, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது. பசை உரித்த பெயிண்டோ கையகலம் போகும். அதைச் சரிசெய்யப் பட்டி, தேய்ப்பு, பிரைமர், இரண்டு கை பெயிண்ட் என்று வேலை நீளும். அப்படியும் அது தனியாகத் தெரியும். சிறிய காயம் எங்கே என்று நமக்குத் தெரிவது, பெரிய காயம் வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதைவிட மேல். ஒப்பந்தத்தில் ஆணி அடிக்கவே கூடாது என்று இருந்தால் அது வேறு, அங்கே விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அப்படி எழுதாமல் இருந்தும் நாமே பயந்துகொண்டு சுவர் முழுக்கப் பசையை அப்பிவைப்பதில் அர்த்தமில்லை. கேட்டுவிடலாம். "ஹாலில் ரெண்டு சின்ன ஆணி அடிச்சுக்கலாமா சார், போகும்போது அடைச்சுக் கொடுத்துடறேன்" என்று கேட்டால் பெரும்பாலான ஹவுஸ் ஓனர்கள் சரி என்பார்கள். அவர்களுக்கு உண்மையில் பயமாக இருப்பது டிரில் மெஷின்தான். பதிலை எழுத்தில், குறுஞ்செய்தியிலாவது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் சுவரைச் சுற்றிப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகள் எங்கேயாவது நிற்கும். எந்த விதியையும் மீறாமல் கிடைத்த சொத்து அது. ஆனால் நமக்கு வேண்டிய உயரத்தில் இருக்காது, அதுதான் சிக்கல். மெல்லிய நைலான் நூலோ செம்புக் கம்பியோ கட்டி, படத்தை வேண்டிய அளவுக்குத் தாழ இறக்கித் தொங்கவிடலாம். மேலே ஒரு முக்கோணமாகக் கயிறு தெரிவது எனக்கு அழகாகவே படுகிறது. பிடிக்காதவர்கள் நிறமற்ற நூலைப் பயன்படுத்தலாம்.

படத்தின் பின்னால் கட்டும் கம்பியைக் கிண்ணென்று இழுத்துக் கட்டுவது பலருடைய பழக்கம். கம்பி எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை கூடும். தரைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் இருந்தால் கம்பியின் ஒவ்வொரு கையிலும் படத்தின் முழு எடை விழும். 15 பாகைக்குப் படுத்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு. சட்டத்தின் மூட்டுகள் பிரிந்து வருவது இதனால்தான். கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். ஆணியை நேராக அடிக்காமல், தலை மேலே பார்க்கும்படி சற்றுச் சாய்த்து அடித்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். பூச்சு சில்லாகத் தெறிக்காமல் இருக்க அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அடிப்பது கொஞ்சம் உதவும். கான்கிரீட் சுவரில் நீள ஆணி வளையும், சுவரும் பொரியும். அதற்கென்று பிளாஸ்டிக் கொக்கியில் நான்கு குட்டி எஃகு ஊசிகள் வைத்து வருகிறது, சுத்தியலால் தட்டினால் போதும். ஓட்டைகள் ஊசிமுனை அளவுதான். ஜிப்சம் பலகையென்றால் வளைந்த கம்பிக் கொக்கியைக் கையாலேயே குத்தி நுழைத்துவிடலாம். எங்கே அடித்தாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் அடிக்காதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். குழாய்க்கு நேர் மேலேயும் அப்படியே.

ஓட்டையை டூத்பேஸ்டால் அடைக்கலாம் என்று ஒரு குறுக்குவழி ஊரெல்லாம் சுற்றுகிறது. அது காய்ந்து சுருங்கும், மஞ்சளாகும், பெயிண்ட் பிடிக்காது. வேண்டாம்.

சுவரையே தொடாமல் இருக்க முடியுமா என்றால், முடியும், எனக்கு உண்மையில் பிடித்ததும் அதுதான். பழைய காலத்து ஐரோப்பிய வீடுகளில் கூரைக்குக் கொஞ்சம் கீழே மரப் பட்டை ஒன்று சுவர் முழுக்க ஓடும். அதில் உலோகக் கொக்கியை மாட்டி, அதிலிருந்து கம்பியில் படத்தைத் தொங்கவிடுவார்கள். சுவரில் ஒரு ஓட்டை கிடையாது. படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம். இன்றைய ஓவியக் கூடங்களில் காணும் அலுமினியத் தண்டவாளமும் தொங்கும் கம்பிகளும் இதன் வாரிசுகள்தான். வாடகை வீட்டில் அந்தப் பட்டை இருக்காது, ஆனால் திரைச்சீலைக் கம்பி இருக்கும். ஜன்னலின் ஒரு ஓரத்தைத் தாண்டி நீளும் கம்பியின் முனையில், எஸ் வடிவக் கொக்கி போட்டு லேசான படத்தை இறக்கலாம். கம்பியைத் தாங்கும் கிளாம்ப் அருகில் மட்டும், அதுவும் துணியோடு சேர்ந்து எடை கூடிவிடாமல்.

இன்னும் எளியது, சாய்த்து வைப்பது. புத்தக அலமாரியின் மேல், மேசைமேல், பெரிய படமென்றால் தரையிலேயே. ஒன்றன் முன் ஒன்றாக, சிறியது பெரியதைக் கொஞ்சம் மறைக்கும்படி வைத்தால் அந்த அடுக்கில் ஒரு நெருக்கம் வரும். சுவரில் வரிசையாக மாட்டினால் அது வராது. வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம், கோணலாகிவிட்டதா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டியதில்லை. கீழே வழுக்காத ரப்பர் விரிப்புத் துண்டு, மேலே சுவரில் படும் இடத்தில் கம்பளி போன்ற ஃபெல்ட் துணிப் பொட்டு. சின்னக் குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் தரையில் சாய்ப்பது மட்டும் சரிவராது. ஸ்டீல் பீரோவின் பக்கவாட்டு, இரும்புக் கதவு என்று காந்தம் பிடிக்கும் இடங்களும் வீட்டில் இருக்கின்றன. சட்டமே இல்லாத தாள் படங்களுக்கு, முன்னால் ஒரு மரக்கீற்று, அதற்குள் காந்தம் என்றால் போதும். தாளில் நேரடியாகக் காந்தம் பட்டால் தழும்பு விழும், நடுவில் ஒரு அட்டைத் துண்டு வையுங்கள்.

ஆணியும் இல்லை, பசையும் இல்லை, சுவர் அப்படியே இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. சட்டத்தின் கீழ் விளிம்பு சுவரில் உரசி ஒரு கறுப்புக் கோடு போடும். அதற்காக வைக்கும் ரப்பர் பொட்டுகளே சில சமயம் பெயிண்டில் மஞ்சள் கறையை இறக்கிவிடும், ஃபெல்ட்தான் பத்திரம். அதைவிட விசித்திரம், எதுவுமே படாமலும் தடம் விழுவது. சுற்றியுள்ள பெயிண்ட் வெளிச்சத்திலும் தூசியிலும் மங்கிக்கொண்டே வரும். படத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் மட்டும் அடித்த நாளின் நிறத்திலேயே நிற்கும். படத்தை எடுத்தால் அங்கே பளிச்சென்று ஒரு செவ்வகம். இதற்குப் பணம் பிடிக்கிற ஹவுஸ் ஓனர்களும் உண்டு, சேதமே இல்லாத சேதம் அது! அடிக்கடி படங்களை இடம் மாற்றுவது ஒன்றே மருந்து. படத்துக்கும் அது நல்லது. காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. பகல் நேரத்து ஜன்னலோரச் சுவரில் அதைப்போலப் பல மடங்கு விழும். நீர்வண்ணம் மங்கினால் பட்டி வைத்துச் சரிசெய்ய முடியாது.

உயரம் பற்றிச் சுருக்கமாக. ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டரில் வரும்படி மாட்டுவது ஒரு வழக்கம். அது நின்று பார்ப்பவர்களுக்கு. வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறோம், அதனால் ஒரு சாண் இறக்கலாம். ஒட்டிவிட்டு இறக்க முடியாது என்பதால் படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஓரிரு நாள் வைத்துப் பார்த்துவிடுங்கள். தலைமாட்டில், அதாவது ஆள் படுக்கும் இடத்துக்கு மேலே, கண்ணாடியோ மரமோ உள்ள எதையும் பசையை நம்பி மாட்டாதீர்கள். அங்கே துணியில் அச்சிட்ட படமோ வெறும் தாளோ போதும். திரும்பக் கிடைக்காத குடும்பப் புகைப்படத்தின் மூலப் பிரதியையும் பசையில் தொங்கவிட வேண்டாம். நகல் எடுத்து மாட்டுங்கள்.

குடிபுகும் அன்றே, சாமான் இறங்குவதற்கு முன், எல்லாச் சுவர்களையும் பக்க வெளிச்சத்தில் படமெடுத்து ஹவுஸ் ஓனருக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஏற்கெனவே இருந்த ஓட்டைகளுக்கும் விரிசல்களுக்கும் நாம் பொறுப்பில்லை என்று பின்னால் வாதாட வேண்டியிருக்காது. பெயிண்டின் பெயரையும் நிற எண்ணையும் அப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், காலி செய்யும் வேளையில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

எல்லாம் பார்த்துச் செய்தும் கழற்றும்போது ஒரு பொருக்கு உரிந்து வந்துவிட்டதென்றால் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நாணயத்தின் அளவு இருந்தால் பெயிண்ட் கடையில் கருவியில் வைத்து நிறத்தைக் கண்டுபிடித்துக் கலந்து தருவார்கள். எண்ணைச் சொல்லி வாங்கும் பெயிண்டைவிட இது நெருக்கமாகப் பொருந்தும், ஏனென்றால் சுவர் இன்று இருக்கும் மங்கிய நிறம் அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. காயத்தின் ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கி, பட்டி வைத்து, காய்ந்ததும் பிரைமர் தொட்டு, பிரஷ்ஷை விட்டுவிட்டுச் சின்ன ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பெயிண்ட் வையுங்கள். முதலில் ரோலரால் அடித்த சுவரின் புள்ளிப் புள்ளியான தோலுக்கு ஸ்பாஞ்சுதான் பொருந்தும். இதைக் காலி செய்யும் நாளன்று காலையில் வைத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். ஈரப் பெயிண்டின் நிறமும் காய்ந்த பெயிண்டின் நிறமும் ஒன்றாக இருக்காது, இன்னொரு கை வைக்க வேண்டி வரலாம்.